பாலையை ஆக்கியவர் யார்?

பாலைக்கெனத் தனி நிலம் வகுத்திலர் நம் முன்னோர். மலையும் காடும் தம் தன்மை கெட்டவிடத்து நேரும் நிலையே பாலை என்பது அவர்தம் துணிபு. கெடுத்தது எது என்னும் வினாவிற்கு வெயிலை மட்டும் விடையாகக் கூறி இக்காலத்தார் அமைதல் இயலாது. வேலியும் வரியும் துப்பாக்கியும்கூட நிலத்தைப் பாலையாக்கும். ஐயுறுவார், கிழக்கு ஆப்பிரிக்காவில் கெனியா நாட்டு மச்சாக்கோசு மலைப்பகுதியின் வரலாற்றை நோக்குக.

நைரோபி நகர்க்குத் தென்கிழக்கே, ஆத்தி என்னும் ஆற்றின் வடிநிலமாய்க் கிடப்பது அம் மலைப்பகுதி. குன்றுகள் 2,000 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பினும் மழை குறைவு. ஆண்டிற்கு இருமுறை பெய்யவேண்டிய அதுவும் அடிக்கடி பொய்க்கும். ஆங்கு வாழும் அக்கம்பா மக்கள் உழவும் ஆநிரையும் ஒருங்கே பேணியவர். ஓரிடம் வறண்டால் நிரையை வேறிடத்திற்கு ஓட்டினர். உழுத நிலத்தைச் சில்லாண்டு ஆறவிட்டனர். வானம் பொய்க்கும் நாட்டில் இடம்பெயரும் உரிமையே உயிர்க்காப்பு. இதனை அறியாமை என்றவரே அறியாதார்.

1895இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. மூவா குன்றுகளை அடுத்த நல்ல நிலம் வெள்ளைக் குடியேறிகட்குப் போயிற்று. யாத்தா மேட்டு மேய்ச்சல் வெளி முடியரசின் நிலமெனப்பட்டது. எஞ்சிய குன்றுகளைச் சுற்றி எல்லை கீறி, 'ஒதுக்கு நிலம்' எனப் பெயரிட்டு, மண்ணுக்குரியவரை அதனுள் அடைத்தனர். (பறித்தவன் கொடுத்தவன்போற் பேசுதற்கு அச்சொல் எத்துணை வாய்ப்பாக உள்ளது, பார்மின்!) போக்கிடமற்ற மாடு ஒரே சரிவை மீண்டும் மீண்டும் மேய்ந்தது. புல் வேரோடு போயிற்று. ஆறவிடப்பட வேண்டிய நிலம் ஆண்டுதோறும் உழப்பட்டது. மழை வந்தபோது வெற்று மண் கரைந்து ஓட, சரிவெங்கும் ஓடைப் பள்ளங்கள் வாய்பிளந்தன.

இதற்கு ஆட்சியாளர் கண்ட கரணியம் யாது? போரும் நோயும் குறைக்காது விட்டமையால் மக்களும் மாடுகளும் அளவிறந்து பெருகினர் என்றும், அந்நிலம் கல்லும் மணலுமாகிய பாலையாகி வருகின்றது என்றும் 1937இல் வேளாண்துறை அலுவலர் காலின் மேர் அறிக்கை எழுதினார். மாந்தர் மடியாமற் போனதே நிலக்கேட்டுக்கு ஏதுவாம்! வேலி எழுப்பியவனைப் பற்றி மூச்சில்லை.

அடுத்த ஆண்டே மாட்டுக் குறைப்பு வந்தது. மக்களின் ஆநிரையை வலிந்து பிடித்து, மலிந்த விலைக்கு விற்றனர். ஆத்தி ஆற்றங்கரையில் இறைச்சி ஆலையொன்று காத்திருந்தது. ஆணும் பெண்ணும் மக்களுமாய் ஆயிரக்கணக்கினர், ஏறத்தாழ 40 கல் தொலைவிலுள்ள நைரோபிக்குச் சென்று, ஆளுநர் செவிசாய்க்கும்வரை கிழமைக்கணக்கில் அங்கேயே கிடந்தனர். அவர்தம் தலைவர் முயிந்தி முபிங்கு கடற்கரைத் தீவாகிய இலாமுவிற்கு நாடுகடத்தப்பட்டார். எனினும் அவ்வாண்டிலேயே கட்டாய விற்பனையை அரசு கைவிட நேர்ந்தது.

மண் எப்போது தேறியது என்பதே இங்குக் கருதத்தக்கது. கட்டாயப்படுத்தி வரப்பு வெட்டுவித்த காலத்தில் மக்கள் வெறுப்போடு வெட்டினர். காப்பி எனும் குளம்பியைப் பயிரிடும் உரிமையும் வெள்ளையர்க்கே பெரிதும் இருந்தது. அத்தடை 1950களில்தான் தளர்ந்தது. விளைவது தமக்கே என்றானபின், அதே மக்கள் தாமாகவே படிவயல் அமைத்தனர். பள்ளந் தோண்டி மண்ணை மேட்டுப்பக்கம் எறிந்து வரப்பாக்கும் அம்முறைக்கு, 'மேலே இடு' எனும் பொருளில் 'பன்யா சூ' எனச் சுவாகிலி மொழியிற் பெயர். 1963இல் நாடு விடுதலை பெற்றபின் 'முவெத்யா' என்னும் கூட்டுழைப்புக் குழுக்கள் இப்பணியைப் பெருக்கின. அக்குழுக்களில் மிகுதியாய் நின்றவர் பெண்டிர்.

1932இல் ஏறத்தாழ 2,40,000ஆக இருந்த மக்கள்தொகை 1989இல் ஏறத்தாழ 13,90,000 ஆயிற்று. ஆறு மடங்கு எனலாம். மக்கட்பெருக்கே பாலையின் தாய் எனின், ஆறுமடங்கு பாலையன்றோ விளைந்திருத்தல் வேண்டும்? மேரி திப்பன், மைக்கேல் மார்ட்டிமோர், பிரான்சிசு கிச்சுக்கி ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வுநூல், மக்கள் மிக மண்ணரிப்புக் குறைந்ததென நாட்டியது. 1937இல் எடுத்த ஒளிப்படங்களையும், அரை நூற்றாண்டு கழித்து அதே இடங்களில் எடுத்தவற்றையும் அவர்கள் ஒப்பிட்டனர். முன்னர் மொட்டையாய்க் கிடந்த சரிவுகளிற் பின்னர் படிவயலும் மரமும் காணப்பட்டன.

நைரோபிச் சந்தை அருகிருந்ததும், நகரிற் கூலிக்குச் சென்றோர் அனுப்பிய பணமும் இதற்குத் துணையாயின என்பது மெய்யே. நிலம் துண்டுபட்டு நலிந்த குடிகளும் உளர். ஆயினும் சந்தைக்குப் போகவும் விளைவிக்கவும் உரிமையற்றிருந்த நாளில், அதே நைரோபி அருகிருந்தும் என் பயன்?

இன்று அந்நகரம் வேறொன்றைக் கேட்கின்றது. அப்பகுதியின் காட்டாறுகள் வறண்டபின்னும், மணலுக்கடியில் நீர் தங்கும். தோண்டி மொண்டு குடிப்பர் மக்கள். அம்மணல் சரக்குந்துகளில் ஏறி நைரோபியின் மாடிகளாகின்றது. மச்சாக்கோசிலிருந்து 1992இல் பிரிந்த மக்குவேனி, ஆற்றுமணலைக் காக்கத் தனக்கெனச் சட்டமொன்றை 2015இல் இயற்றியது. மணல் போனபின் நீரற்றுப் போகும் ஊர்களுக்கும், 'மக்கள் பெருகிவிட்டனர்' என்று அறிக்கை எழுத அலுவலர் ஒருவர் கிடைக்காமலா போவார்?