கடைசியில் நிற்கும் பிள்ளை

விளையாட்டு பீரியடில் பி.டி. மாஸ்டர் இரண்டு கேப்டன்களைக் கூப்பிட்டு, "ஆளெடுங்கடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நான் பார்த்த மைதானங்களில் கேப்டன்கள் ஊர்த்தெருப் பையன்கள். கடைசிவரை நிற்பவர்கள் காலனிப் பிள்ளைகள்.

"திறமை பார்த்துத்தானே எடுக்கிறார்கள்?" என்கிறார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வங்கர் பாலு. இந்து அணியின் கேப்டன் பதவியை அவருக்கு மறுத்தது திறமையா, சாதியா?

நாங்குநேரி கொடுமைக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைக்க 2024-ல் பரிந்துரைத்தது. மைதானத்துக்கு மட்டும் விலக்கா?

உத்தி பிரிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஜோடியாகத் தள்ளிப்போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். கேப்டன் பெயரைத்தான் கேட்பான், ஆளை அல்ல. சமபலமுள்ள ஜோடிகளை மாஸ்டரே சேர்க்கட்டும். கேப்டன் வாராவாரம் மாறட்டும். அணி பிரிப்பது மாஸ்டரின் வேலை. அவர் நகர்ந்தால், அந்த இடத்தில் சாதி வந்து நிற்கும்.