மிச்சம் எவ்வளவு?

மே மாதம் பிறந்தால் எங்களுக்குப் பாடம் நடத்தும் வேலை முடிந்து ஆள் பிடிக்கும் வேலை தொடங்கிவிடும். சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முனைவர் பட்டம் வாங்கியவள், கவிதைத் தொகுப்பு போட்டவள் என்பதெல்லாம் கல்லூரி வேனில் ஏறும்போது கணக்கில் வராது. ஒரு கட்டு நோட்டீஸ், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெயரும் செல்போன் எண்ணும் கொண்ட பட்டியல், ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று ஒரு இலக்கு. கூடவே மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு வாசகம்: "ஒரு பைசா கட்ட வேண்டாம்மா, எல்லாம் ஸ்காலர்ஷிப்புல போயிடும்."

அந்த வாசகத்தை நான் பல வாசல்களில் நின்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இருக்கிற தகுதியும் தகுதியின்மையும் அதுதான்.

காலனி வீடு ஒன்றில், நூறு நாள் வேலைக்குப் போய்வந்த களைப்போடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் திருப்பிக் கேட்டார். "எல்லாம் போயிடும்னு சொல்றீங்க, சரி டீச்சர். மிச்சம் எவ்வளவு வரும்?"

"மிச்சமே இல்லம்மா" என்றேன். அவர் மகள் எங்கள் துறையிலேயே சேர்ந்தாள்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வு வாரத்தில் அவள் அலுவலக ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உதவித்தொகை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும், இப்போது கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பரீட்சை எழுதினாள். மூன்றாம் ஆண்டுக்கு வரவில்லை. அடகு வைக்க இன்னொரு தோடு இல்லை. பஸ் கட்டணப் பாக்கி, தேர்வுக் கட்டணம், சீருடை, 'வேலைவாய்ப்புப் பயிற்சி' என்று யாருக்கும் விளங்காத ஒரு தொகை எல்லாம் சேர்ந்து அவள் பெயரில் நின்றது. அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் அலுவலக பீரோவுக்குள் இருந்தன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. பீரோவுக்கு அது தெரியாது. நான் போய்க் கேட்டேன். "பாக்கியை உங்க சம்பளத்துல பிடிச்சுக்கலாமா மேடம்?" என்றார்கள். பேசாமல் திரும்பி வந்தேன். அவள் இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

உதவித்தொகை தனியார் கல்லூரியின் செலவைக் குறைக்கிறதா? குறைக்கிறது. அதை மறுப்பவள் இல்லை நான். அரசுப் பணம் வந்திராவிட்டால் எங்கள் வகுப்பறையில் பாதி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததிலிருந்து இங்கே உயர்கல்வி பெருமளவு தனியார் கையில்தான் வளர்ந்தது. அந்தக் கதவுக்குள் ஒரு தலித் பெண்ணும், விவசாயக் கூலியின் மகளும் நுழைய முடிந்ததற்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் பெரிய காரணம். என் கேள்வி வேறு. குறைகிற தொகை எது? குறையாத தொகையை யார் கட்டுகிறார்கள்?

குறைவது பெரும்பாலும் 'கல்விக் கட்டணம்' என்ற ஒற்றை வரி. பொறியியலில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி அந்த வரி நிற்கிறது. முதல் பட்டதாரி என்றால் அதில் ஏறத்தாழ பாதியை அரசு ஏற்கும். அதுவும் கலந்தாய்வு வழியாக வந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவளுக்கு அது கிடையாது. கலந்தாய்வுக்கு முன்பே "சீட் போயிடும், இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க" என்று அவசரப்படுத்தி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கும் கல்லூரிகள் உண்டு. அப்படிச் சேர்ந்த பிறகுதான் சலுகை கைவிட்டுப் போனது வீட்டுக்குத் தெரியும். கல்விக் கட்டணம் குறைந்தால் அதன் கீழே உள்ள வரிகள் ஊதிக்கொள்ளும். பஸ், விடுதி, ஆய்வகம், வளர்ச்சி நிதி. நன்கொடை வசூலைத் தடுக்க 1992-இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதனால் நன்கொடைக்கு நன்கொடை என்று யாரும் இப்போது பெயர் வைப்பதில்லை.

அந்தக் கீழ்வரிகளை யார் கட்டுகிறார்கள் என்று வீடு வீடாகப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன். அம்மாவின் காது, கழுத்து. மகளிர் குழுக் கடன். வாரத் தவணைக்கு வாசலில் வந்து உட்காரும் நுண்கடன். அரசு தருவதற்கு 'உதவித்தொகை' என்று பெயர் இருக்கிறது. அம்மா தருவதற்கு எந்தக் கோப்பிலும் பெயர் இல்லை.

முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்வோம். 2010-இல் வந்த நல்ல திட்டம். நானும் என் வீட்டின் முதல் பட்டதாரிதான், எனக்குப் பிந்தி வந்ததே என்ற ஏக்கம்கூட உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது. அண்ணன் அதில் படித்தால் தங்கைக்குக் கிடையாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர் என்று எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது விதி. எழுத்தில் இந்த விதிக்கு ஆண் பெண் பேதம் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் பேதம் வந்துவிடும். மூத்தவள் பெண்ணாக இருந்து, சின்னவன் பையனாக இருந்தால், "அவன் இன்ஜினியரிங் போகும்போது இந்த சர்டிபிகேட் வேணும், நீ பி.ஏ. சேரு" என்று சொன்ன ஒரு அப்பாவை இ-சேவை மையத்து வரிசையில் என் காதாலேயே கேட்டேன். அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். அரசு 'குடும்பம்' என்று எழுதும் இடத்தில் வீடு 'மகன்' என்று படிக்கிறது. தலைக்கு ஒரு சான்றிதழ் என்று மாற்றினால் கஜானா கவிழ்ந்துவிடாது.

சில நேரம் இந்தப் பேதம் தலைகீழாகவும் வேலை செய்யும். பையனைக் கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் போடுவார்கள்; பொண்ணுதானே என்று மகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புவார்கள். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அங்கே படித்ததால் இன்று புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் தொழிற்கல்லூரிக்குப் போனால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்பதாக 2021-இல் அறிவித்தது. ஓரவஞ்சனை செய்தவர்களுக்கே அந்த ஓரவஞ்சனை லாபமாக முடிந்த கதையை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்த அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். கல்லூரிப் படிப்பின் விலை கல்விக் கட்டணத்தோடு முடிவதில்லை என்பது அரசுக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருக்கிறது. விடுதியையும் சேர்த்தால்தான் ஒரு ஏழைப் பெண் படித்து முடிப்பாள் என்று தெரிந்துதானே சேர்த்தார்கள்? தெரிந்த பிறகு, கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. படிக்கிற என் மாணவிக்கு மட்டும் ஏன் தெரியாததுபோல் இருக்கிறார்கள்?

ஆயிரம் ரூபாயைக் குறைத்துப் பேசுபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அது அவள் கணக்குக்கு வருகிறது, அப்பா கைக்கு இல்லை. அந்தத் திட்டத்தின் பூர்வீகத்தையும் மறக்க வேண்டாம். அதே நிதி முன்பு தாலிக்குத் தங்கமாகப் போய்க்கொண்டிருந்தது, 8 கிராம் காசு. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாலித் தங்கத்துக்கு வைத்திருந்தார்கள் என்பதை என்னவென்று சொல்வது! 2022-இல் அந்தப் பெயர் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு வந்து சேர்ந்தது. சரியான இடம். ஆனால் கல்லூரி பஸ்ஸில் வருபவளுக்கு அந்த ஆயிரம் பஸ்ஸுக்கே போய்விடுகிறது.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலப் பங்கு 40. 2021-இல் வந்த விதிமுறைப்படி ஒன்றியப் பங்கு நேராக மாணவியின் கணக்குக்குப் போகிறது. கல்லூரி முதலாளி இடையில் விழுங்க முடியாது என்பதால் நல்லதுதான். ஆனால் பணம் வரும்வரை கடன்காரியாக நிற்பதும் அவள்தான். முன்கூட்டிப் பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்த விதிமுறைகளில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் நோட்டீஸில் அது இல்லை. ஸ்காலர்ஷிப் என்ற சொல் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும், ஏதோ தாளாளர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருவதுபோல. ஆண்டுவிழாவில் "இலவசமாகப் படிக்கும் நம் மாணவிகள்" என்று மேடையில் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னதையும் பார்த்தேன். மக்கள் வரிப்பணத்தில் படிக்கிற பிள்ளைகள் ஒரு முதலாளியின் கருணைக்காக எழுந்து நின்றார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

சேர்க்கைக்கு முன்னால், எல்லா வரிகளும் போட்ட ஒரே தாளில், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மீதத் தொகையை எழுதித் தரக் கல்லூரிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அந்தத் தாளில் இல்லாத ஒரு ரூபாயையும் பிறகு கேட்கக் கூடாது. காய்கறிக் கடையில்கூட எடை போட்ட பிறகு விலையை மாற்றுவதில்லை.

போன மே மாதம் வேனில் ஏறும்போது அப்படி ஒரு தாளை நானே எழுதி எடுத்துப் போனேன். அலுவலகத்தில் கேட்டால் தர மாட்டார்கள் என்பதால் பழைய ரசீதுகளை மாணவிகளிடம் வாங்கிக் கூட்டினேன். ஒரு வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். பஸ் இவ்வளவு, தேர்வு இவ்வளவு, உதவித்தொகை வராவிட்டால் கையிலிருந்து வைத்திருக்க வேண்டியது இவ்வளவு. அந்த அம்மா கடைசி வரை கேட்டார். தாளை வாங்கி நான்காக மடித்தார். மறுபடி பிரித்து என் முன்னால் நீட்டினார்.

"இதுல உங்க கையெழுத்து போட்டுக் குடுங்க டீச்சர்."

வேனில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பேனாவை எடுத்துப் போட்டேன், தேதியோடு.