உரிமையாளரைக் காணவில்லையாம்!

வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிக்கப் போவதாக 2013 ஏப்ரலில் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிகளின் உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கண்டறிய இயலாத அந்த மனிதர்கள் அப்போது மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில், பங்கீட்டு அட்டையும் வாக்காளர் பதிவும் கையுமாக இருந்தார்கள். துவிச்சக்கர வண்டியில் போனாலே கண்டுபிடித்திருக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்று, 'நாங்கள் இருக்கிறோம்' என்று வழக்குப் போட்டே தம் இருப்பை நிரூபிக்க வேண்டியிருந்தது.

1990 ஜூனில் நாங்களும் மாவிட்டபுரத்தை விட்டு வெளியேறியவர்கள். எங்கள் காணி யாருடையது என்று அறிவதற்கு அந்நாளில் எந்தத் திணைக்களமும் தேவைப்படவில்லை. தேசவழமைப்படி சீதனம் பெண்வழியாக இறங்குவதால், அம்மம்மாவின் ஒரே வளவு மூன்றாகப் பிரிந்து பெரியம்மா, அம்மா, குஞ்சம்மா என்று அடுத்தடுத்து மூன்று வீடுகளாயிற்று. நடுவில் ஒரு பங்குக் கிணறு. கதியால் வேலியில் இரண்டு பொட்டுகள். எந்த வீட்டில் மீன் குழம்பு என்பதை மணத்தால் அறிந்து, பொட்டுக்குள் புகுந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவோம். படலை திறந்து தெருவால் போவது விருந்தாளிக்கு உரியது. தெற்கே நிமிர்ந்தால் கந்தசுவாமி கோயில் கோபுரம், வடக்கே சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கு விட்டாலும் எங்கள் ஒழுங்கை வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுவோம்.

இதை ஏக்கத்துக்காக எழுதவில்லை. பழைய உறுதி ஒன்றை எடுத்து எல்லைகளைப் படித்துப் பாருங்கள். கிழக்கே இன்னாரின் காணி, மேற்கே இன்னாரின் பெண்சாதிக்குச் சீதனமாய்க் கொடுத்த காணி, வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரும் பங்காளரும். கிணற்றில் இத்தனை பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். நம் காணியுறுதி என்பது பாதி உறவுமுறைப் பட்டியல். நான்கு பக்கமும் இருந்த மனிதர்கள் இல்லாமற்போனால் அந்த உறுதி ஊமையாகிவிடும்.

அப்படித்தான் ஆக்கினார்கள். விடுவிக்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது, ஒழுங்கை இருந்த சுவடே தெரியவில்லை. திரும்பிச் சென்ற முதியவர்கள் ஒரு பனையையும் ஒரு கோயில் அத்திவாரத்தையும் குறிவைத்துத் தம் வளவைத் தேடினார்கள். ஆனால் ஆட்சிக்கு வருவோர் எல்லோரும் ஏக்கர்க் கணக்குத்தான் வாசிக்கிறார்கள். இத்தனை ஏக்கர் விட்டோம், இன்னும் இத்தனை விடுவோம் என்று. அழித்த எல்லைகளுக்கு யார் கணக்குக் காட்டுவது? இன்னமும் விடாமல் வைத்திருக்கும் நிலத்துக்குள் எத்தனை உறுதிகள் ஊமையாகிக் கிடக்கின்றன?

அரசைத் திட்டுவது நமக்கு எளிது, பழகியும் போயிற்று. எனது சண்டையின் மற்றப் பாதி நம்மவரோடுதான்.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஊர்ச் சங்கங்கள் நடத்துகிறோம். ஆண்டு மலரின் அட்டையில் கோபுரம் வருகிறது. உள்ளே கீரிமலைக் கேணியைப் பற்றி உருகி நான்கு கட்டுரைகள். அதே மண்டபத்தில் மூன்று பரப்புக் காணிக்காகப் பதினைந்து வருடம் பேசாத சகோதரர்கள் இரு மூலைகளில் அமர்ந்து கொத்துரொட்டி சாப்பிடுகிறார்கள். தாயார் இறந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் மரணச் சான்றிதழின் பிரதியைக்கூட எடுத்து வைக்கவில்லை. பங்கு பிரிக்கவில்லை, அற்றோணித் தத்துவம் எழுதவில்லை, முதுசம் எது, தேடியதேட்டம் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் இல்லை. 'அந்தக் கல்லுக் காணி ஆருக்கு வேணும்?' என்பார்கள். வேண்டாதவர் அயலில் குடியிருக்கும் மச்சாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே. அதுவும் மாட்டார்கள். இன்னும் சிலர் வந்து வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில் எழுப்பி, பங்குக் கிணற்றுக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

அங்கே வேரூன்றிய பிள்ளைகளை யாரும் ஊருக்கு வந்து குடியிருக்கச் சொல்லவில்லை. கேட்பது காகிதமும் பெயர்களும் மட்டுமே. 2025 மார்ச் 28 இல் வெளிவந்த வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்றது அது. எதிர்ப்பு எழுந்தது, ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பின்னர் அது மீளப்பெறப்பட்டது. இம்முறை தப்பினோம். அடுத்த முறை மூன்று மாதத்தில் எத்தனை பேரால் உறுதியோடு வந்து நிற்க முடியும்? 2013 இல் பொய்யாகச் சொல்லப்பட்டதை, ஒரு தலைமுறைக்குள் நாமே மெய்யாக்கிக் கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஒழுங்கையின் இருபுறமும் யார் யார் இருந்தார்கள், எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிழையின்றிச் சொல்லக்கூடியவர் இன்று குஞ்சம்மா ஒருவர்தான். எண்பத்தாறு வயது. இப்போதெல்லாம் காலையில் சொன்னது மாலையில் மறந்துபோகிறது. உங்கள் ஒழுங்கைக்கும் இப்படி ஒருவர் மிஞ்சியிருப்பார். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வருகிறவர்கள், தேருக்கு முதல் நாளாவது அவரிடம் போய் உட்கார்ந்து நாலு எல்லையையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே காணிப் பதிவகத்துக்குப் போய் உறுதியின் பிரதிக்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போங்கள்.