பெயருக்கு ஓர் ஆராய்ச்சியா?

மருத்துவ மாணவர் ஆராய்ச்சி செய்யலாமா என்பது இன்று கேள்வியே அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979ஆம் ஆண்டிலேயே இளநிலை மாணவர்க்கென இரு மாத ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. செய்வது ஆராய்ச்சிதானா என்பதே என் கேள்வி.

நம் விடுதிகளில் நடப்பது நாம் அறியாததா? இருபது வினாக்களுடன் ஒரு கூகுள் படிவம். வாட்ஸாப் குழுவில் ஒரு வேண்டுகோள். மூன்றே நாளில் நூறு விடைகள். மாணவரை மாணவரே ஆராய்கிறோம்! பணம் கட்டினால் அச்சிடும் ஏடு ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொள்கிறது. குறை காட்டும் நடுவர் இல்லை. உழைத்தவன் பெயரோடு, தலைப்பைக்கூடப் படியாதார் பெயர்களும் அணிவகுக்கின்றன.

"மேற்படிப்புக்குக் கட்டுரை கேட்கிறார்களே!" என்பர் நண்பர். கேட்கட்டும். ஆனால் பொய்க் கணக்கு நோயாளியின் தலையிலன்றோ விடியும்?

மாணவரால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர். 1835இல் லண்டனில் முதலாண்டு மாணவர் ஜேம்ஸ் பேஜெட், அறுவைக் கூடத்துச் சடலத்தின் தசையில் வெண்புள்ளிகளைக் கண்டார். பலரும் கண்டு கடந்த புள்ளிகள்தாம் அவை. அவரோ உற்று நோக்கினார். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு புழு! தம் மருத்துவமனை மாணவர் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். ஆயினும் அப்புழுவுக்குப் பெயரிட்டு அச்சேற்றிய பெருமை அறிஞர் ரிச்சர்டு ஓவனுக்குச் சென்றது. கண்டால் மட்டும் போதாது. முறையாக வெளியிடவும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

உழைத்தவர்க்கு உரிய பெயரைக் கொடுப்பதற்கோ, நம் கொச்சியே சான்று. டச்சு ஆளுநர் வான் ரீடே, மலையாள நாட்டு மூலிகைகளைத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக 'ஹோர்த்தூஸ் மலபாரிகஸ்' நூலை வெளியிடச் செய்தார். மூலிகையறிவு தந்த இட்டி அச்சுதன், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரின் வாக்குமூலங்கள் முதல் தொகுதியிலேயே அச்சாயின. ஆளுநர் தந்த மதிப்பை நாம் தரலாகாதா?

ஆராயப் பொருள் இல்லையா? மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்கு வாருங்கள். எஞ்சியிருக்கும் மிளகு, சுக்குக் கிடங்குகளில் தூசியினூடே மூட்டை சுமப்போர் மூச்சு எப்படி இருக்கிறது? ஊதி அளக்கும் சிறு கருவி போதும். வேலைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அதே வயதும் அதே புகைப்பழக்கமும் உள்ள, கிடங்கு வேலை செய்யாதவர்களையும் ஒப்பிட வேண்டும். அருகே ஃபோர்ட் கொச்சியின் வண்ணார் துறையில் நம் தமிழர் சோப்பு நீரில் நாளெல்லாம் கைகளை நனைக்கிறார்கள். அக்கைகளின் தோலைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அவர்களிடம் தமிழிலேயே கேட்க நம்மால் முடியுமே!

முதலில் வினாவை எழுதுவோம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்போரின் இசைவும் பெற்ற பின்னரே அளப்போம். தீங்கு எதுவும் காணாவிடினும் அதையே எழுதுவோம், அதுவும் முடிவுதான். நடுவர் பார்க்கும் ஏட்டுக்கு அனுப்புவோம், திருப்பினால் திருத்துவோம். கண்டதை, அளக்க இடம் தந்த தொழிலாளியிடமும் சொல்வோம்.

பத்துக் கட்டுரைகளில் பெயர் இருப்பதைவிட, ஒரு கட்டுரைக்குப் பொறுப்பேற்பதே பெருமை. தோழர்களே, அந்த ஒன்றை இவ்வாண்டே தொடங்குவோம்!