குஞ்சலக் கயிறு பின்ன வீட்டிலேயே ஒரு ஸ்டாண்டு

ஆடிப்பூரம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் குட்டி ஆண்டாள்களுக்குக் குறைவிருக்காது. சாய்ந்த கொண்டை, கையில் கிளி, ஜடையில் குஞ்சலம். குஞ்சலம் கடையில் கிடைத்துவிடும். அதைத் தாங்கும் கயிறுதான் சீக்கிரம் நைந்துபோகிறது. பக்கத்திலேயே ராஜபாளையம், 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய ஊர். பஞ்சு ஊரில் நூலுக்கா பஞ்சம்?

ஜப்பானில் கயிறு பின்னுவதற்கென்றே 'மாருடாய்' என்று ஒரு வட்ட மேடை உண்டு. கிமோனோ இடுப்புக் கயிறெல்லாம் அதில் பின்னுவதுதான். தருவித்தால் விலை கடிக்கும். வீட்டில் டிரில்லும் ஜிக்சாவும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

18 மி.மீ. பிளைவுட்டில் 25 செ.மீ. அகல வட்டம் வெட்டி, நடுவில் 4 செ.மீ. ஓட்டை போடுங்கள். கால்களுக்கு 40 செ.மீ. உருட்டுக் கம்பு நான்கு. அடியில் ஒரு பலகை. கால்களை மேலிருந்து திருகாணி போட்டு முடுக்கிவிடாதீர்கள், நூல் அதில் மாட்டும். பலகையின் அடிப்பக்கம் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, பசை வைத்துச் செருகினால் போதும்.

இனிதான் பொறுமை வேண்டும். மேல்பரப்பையும் ஓட்டையின் விளிம்பையும் 80, 120, 220 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேயுங்கள். பழைய பட்டுத் துணியை மேலே இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். கடைசியில் மெழுகுவத்தியால் ஒரு பூச்சு.

மரத்தைவிட எடைதான் முக்கியம். எட்டுச் சின்ன டப்பாக்களில் மணல் நிரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் 70 கிராமுக்குச் சரிபாருங்கள். ஒன்று கூடினால் கயிறு கோணும். மில் நூல் மெல்லிசு. பத்து இழையாவது சேர்த்து ஒவ்வொரு டப்பாவிலும் சுற்றுங்கள். தானாக அவிழாமல் ஒரு சுருக்கு. எட்டு நுனிகளையும் முடிந்து ஓட்டைக்குள் விட்டு, முடிச்சில் கூழாங்கல் பை கட்டித் தொங்கவிட வேண்டும். பையின் எடை டப்பாக்களின் மொத்த எடையில் ஏறக்குறையப் பாதி, அதாவது 250 முதல் 280 கிராம். பை கனத்தால் பின்னல் தளரும். குறைந்தால் கயிறு விறைத்துக் குச்சியாகும்.

நாலு பக்கமும் இரண்டிரண்டு நூல். எதிர்ப்பக்கத்து வலது நூலை உங்கள் பக்கத்து வலது ஓரத்துக்கும், உங்கள் இடது நூலை எதிர்ப்பக்கத்து இடது ஓரத்துக்கும் மாற்றுங்கள். அடுத்து, வலப்பக்க ஜோடியில் உங்களுக்கு அருகில் இருப்பது இடப்பக்கம் போகும். இடப்பக்க ஜோடியில் தள்ளி இருப்பது வலப்பக்கம் வரும். எல்லாம் கடிகாரம் சுற்றும் திசைதான். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும், டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம்.

ஒரு அடி கயிற்றுக்கு ஏறக்குறைய இரண்டடி நூல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நுனியை நூலால் இறுகக் கட்டிய பிறகே கத்தரி வையுங்கள்.