இருந்தும் இல்லாதவர்

ஆலைக்குள் நிற்கிறாய், தோழா! கை தறியிலே, கண் நூலிலே. மேஸ்திரி வருகிறார், பதிவேட்டைப் புரட்டுகிறார், "நீ இன்று வரவில்லை" என்கிறார். "இதோ நிற்கிறேனே!" என்கிறாய். "நிற்கலாம், வராதவன் என்று எழுதியாகிவிட்டது, கூலி கிடையாது" என்கிறார். சிரிப்பாயா, சீறுவாயா?

கூலி போனால் ஒரு நாள் பட்டினி. வீடும் நிலமும் இப்படிப் போனால்?

போயிற்று, பாலஸ்தீனத்திலே! 1950ல் இஸ்ரேல் இயற்றியது, 'ஊரில் இல்லாதோர் சொத்துச் சட்டம்'. 1948 போரில் உயிருக்கு அஞ்சி ஓடியவர், திரும்பி வந்து கண்ணெதிரே நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு இல்லாதவரே. 'இருந்தும் இல்லாதோர்' என்பது அவர்களுக்குக் கிடைத்த பட்டம்!

அவர்களிலே ஒரு சிறுவன், மஹ்மூத் தர்வீஷ். 1941ல், கலிலேயாவின் அல்-பிர்வா சிற்றூரில் பிறந்தவன். ஏழு வயதில் லெபனானுக்கு ஓடிய குடும்பம், மறு ஆண்டு மறைவாகத் திரும்பிற்று. ஊர் எங்கே? இடித்துத் தள்ளியாகிவிட்டது!

வளர்ந்தவர் வாளெடுக்கவில்லை, எழுதுகோல் எடுத்தார். 1964ல் வந்த அவருடைய 'அடையாள அட்டை' அரபு மக்களின் நாவிலெல்லாம் நடமாடிற்று. இஸ்ரேலில் வாழ்ந்த அரபியர்மீது 1966 வரை இராணுவ ஆட்சி. ஊர் விட்டு ஊர் செல்லவும் அனுமதிச் சீட்டு! சீட்டின்றிச் சென்றதற்கும் கவிதை படித்ததற்கும் சிறை கண்டார் தர்வீஷ். 'இல்லாதவர்' என்று எழுதிய அரசு, விலங்கு பூட்டும்போது மட்டும் அவர் இருப்பதைக் கண்டுகொண்டது!

1970ல் மாஸ்கோ, பிறகு கெய்ரோ, பெய்ரூத். 1982ல் இஸ்ரேல் படை பெய்ரூத்தை முற்றுகையிட்டது. மீண்டும் மூட்டை கட்டினார். 1988ல் அல்ஜியர்ஸில் முழங்கிய பாலஸ்தீன விடுதலைப் பிரகடனம் அவர் எழுதியதே.

2000ல் இஸ்ரேலின் கல்வி அமைச்சர் யோசி சரீத், அவர் கவிதைகளைப் பள்ளியில் பயிற்றலாம் என்றார். நாடு இன்னும் பக்குவப்படவில்லை என்று மறுத்தார் பிரதமர் பராக். பீரங்கி குவித்த அரசு பாட்டுக்கு அஞ்சுவானேன்? இடித்த ஊர் அந்தப் பாட்டுக்குள்ளே இடியாமல் நிற்கிறதே, அதனால்தான்!

2008 ஆகஸ்ட் 9ல், அமெரிக்காவின் ஹூஸ்டனில், இதய அறுவைக்குப் பின் மறைந்தார். அடக்கம் செய்தது ரமல்லாவில். பிறந்த பிர்வாவில் அல்ல. உயிரோடு இருந்தபோது மறுத்த மண், உயிர் பிரிந்த பிறகும் கிட்டவில்லை.

வீடு திரும்ப விரும்பும் அகதிகளைத் திரும்ப விடவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1948லேயே, தனது 194ஆம் தீர்மானத்தில் சொல்லிற்று. ஏட்டுச் சுரைக்காய்! இன்றுவரை கறிக்கு உதவவில்லை.

தோழா, தவறு ஆளிடம் இல்லை; பதிவேட்டில் இருக்கிறது. அதைத் திருத்தும் வரை, கணக்குத் தீராது!