உத்தியோகம் விட்டவர் உள்ளம்

பிடிக்காத உத்தியோகத்தை உதறிவிட்டு வேறொன்றை ஏற்பவர் பின்னர் மனநிறைவுடன் வாழ்கின்றாரா? இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம் பெரியோர் ஒரே வரியில் விடை பகர்ந்துவிட்டனர். ஆயினும், அக்கரை சேர்ந்தவரைத் தொடர்ந்து விசாரித்தவர்கள் கண்டது இதனினும் நுட்பமானது.

அமெரிக்காவில் வெண்டி பொஸ்வெல் என்னும் பேராசிரியரும் அவருடன் உழைத்த இருவரும், மேனிலை முகாமையாளர்களை 5 ஆண்டுக் காலம் ஆராய்ந்து 2005இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தாமாக வேலையை விட்டவர்களுடைய திருப்தி, விடுவதற்கு முன் தாழ்ந்திருந்தது, புதிய பதவியில் அமர்ந்ததும் உயர்ந்தது, பின்னர் இறங்கலாயிற்று. முதல் உயர்வைத் தேனிலவென்றும், பின்வந்த இறக்கத்தைக் குடித்தவனுக்கு மறுநாள் வரும் தலையிடியென்றும் அவர்கள் வருணித்தனர். உவமை சற்றே முரடானது, பொருத்தமோ மறுக்கவொண்ணாதது. புதிய அலுவலகத்தார் முதலில் தம் நன்முகத்தையே காட்டுவர். வந்தவரும் தம் தெரிவு சரியானதென்று தமக்கே நிரூபிக்க விழைவர். நாள் செல்லச் செல்லக் கோப்புக்கள் குவியும். மேலதிகாரியின் கடுகடுப்பும் புலப்படும்.

அவ்வாறாயின், இருந்த இடத்திலேயே இருத்தல் நன்றோ? அப்படிச் சொல்லி மாணவரை அடக்கிவிடுதல் எம்போன்ற ஆசிரியருக்கு எளிது. ஆனால், 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 4 கோடி 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலகல்கள் பதிவாயின. விலகியவர்களைப் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் காரணம் வினவியபோது, 100க்கு 63 பேர் குறைந்த சம்பளத்தையும், அதேயளவினர் முன்னேற்றத்துக்கு வழியின்மையையும், 57 பேர் தம்மை மதியாமையையும் குறிப்பிட்டனர். மீண்டும் தொழில் பெற்றோருள் 100க்கு 56 பேர் தமது சம்பளம் கூடிற்று என்றனர். 53 பேர் தொழிலையும் குடும்பத்தையும் ஒருங்கே பேணுதல் எளிதாயிற்று என்றனர்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு உண்டு. வெறும் சலிப்பினால் விலகியவர் அச்சலிப்பையும் தம்முடன் கொண்டு செல்வரோ என அஞ்சுகிறேன். குறிப்பிட்ட குறையொன்று நீங்கப்பெற்றவர் நிலை வேறு. தேனிலவு முடிந்தமையால் கூடிய சம்பளம் குறைந்துவிடுவதில்லை. மாலையிற் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்ணக் கிடைத்த நேரமும் பறிபோவதில்லை. ஆனால், பியூ நிலையத்தார் வினவியது 2022 பெப்ரவரியில் என்பதை மறத்தலாகாது. அப்போது பலருக்குத் தேனிலவு முடிந்திராது. சம்பளம் குறைந்ததென்று கூறியவர்களும் அவர்களுள் இருந்தனர்.